விமானத்தின் முன்கண்ணாடியை எதை வைத்துத் துடைப்பது?

கேள்வி: 2024 பிப்ரவரி 4, ஞாயிறு

பயிற்சி விமானியாக இருக்கிறேன். செஸ்னா 172, இதுவரை 38 மணி நேரம். இன்று காலை முதல் சார்ட்டிக்கு (பறத்தலுக்கு) முன்னால் பார்த்தால் முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி அடித்து ஒட்டியிருந்தது. காரில் வைத்திருந்த நீலக் கலர் கண்ணாடி ஸ்ப்ரேயை அடித்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன். வீட்டில் பீரோ கண்ணாடியை அம்மா அப்படித்தான் பளபளவென்று ஆக்குவார். ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) இருந்த ஒரு அண்ணன் ஓடி வந்து பேப்பரைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். காரணம் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தால் கேட்கவும் முடியவில்லை. கண்ணாடி துடைப்பதில் அப்படி என்ன தப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள் அண்ணா.

பிப்ரவரி 4, இரவு 9.40

தம்பி, அது கண்ணாடியே இல்லை. அக்ரிலிக். பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். ஒருவகைப் பிளாஸ்டிக். மற்றதை நாளை எழுதுகிறேன். அதுவரை அந்த ஸ்ப்ரே பாட்டில் காரிலேயே இருக்கட்டும். பேப்பரைப் பிடுங்கிய அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

பிப்ரவரி 5, காலை 6.15

சிறிய விமானங்களின் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இத்தனை வருடத்தில் அழுக்கால் கெட்டுப்போன முன்கண்ணாடி ஒன்றைக்கூட நான் கழற்றியதில்லை. கழற்றிய அத்தனையும் துடைத்துக் கெட்டவை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செய்தித்தாளை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் ஊர்த் தூசியில் பாதி மணல். மணல் என்றால் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. அக்ரிலிக் அதற்கும் வெகு கீழே. அந்தத் தூசியின் மேல் காய்ந்த பேப்பரை வைத்து அழுத்தினால் உன் கையில் இருப்பது உப்புத்தாள். வீட்டு பீரோ கண்ணாடி அதை ஓரளவு தாங்கும், இது தாங்காது.

அடுத்தது ஸ்ப்ரே. முன்கண்ணாடியை வளைத்து, ஓரமெல்லாம் பிரேமுக்குள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த அக்ரிலிக்குக்குள் எப்போதும் ஒரு இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். ஆகாத ரசாயனம் பட்டதும் இழுப்பு அதிகமாக உள்ள இடங்களில் தோல் வெடிப்பது மாதிரி மயிரிழை மயிரிழையாக விரியும். ஹேங்கரில் இதை கிரேஸிங் என்போம். கண்ணாடி கிளீனரில் இருக்கும் அமோனியா இதைச் செய்யும். வந்த கிரேஸிங் போகாது.

சரி, எப்படித்தான் துடைப்பது?

மோதிரம், வாட்ச், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு மூன்றையும் கழற்றிவிடு. பெல்ட் பக்கிள் உடம்போடு சேர்ந்து விமானத்தில் உரசாமல் நில். வெயிலில் நின்ற விமானம் என்றால் நிழலுக்குத் தள்ளு, தொட்டால் சூடு தெரியாத வரை காத்திரு. வேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்குக் கவர் போட்டிருக்கிறதா, காற்றழுத்தம் அளக்கும் ஸ்டாட்டிக் துளைப் பக்கம் தண்ணீர் பாயாதா என்று பார்த்துக்கொள். அப்புறம் தண்ணீர். நிறைய, மெதுவாக, மேலிருந்து. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெறும் உள்ளங்கையால் தடவு. துணி வேண்டாம், கைதான். ஒரு மணல் துகள் இருந்தாலும் உள்ளங்கை சொல்லிவிடும், துணி சொல்லாது. கையில் ஒன்றும் நெருடாத பிறகுதான் துணிக்கு வேலை.

பூச்சிக் கறைக்கு, ஒரு வாளித் தண்ணீரில் காரம் குறைந்த சோப்புத் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, மெத்தென்ற துணியை நனைத்துக் கறையின் மேல் போர்த்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இரு. தேய்க்காதே. ஊறிய பூச்சி துணியோடு வந்துவிடும். மறுபடி தண்ணீர். அப்புறம் நனைத்துப் பிழிந்த ஷாமி தோலால் ஒற்றி எடு. கடைசியாக, அக்ரிலிக்குக்கென்றே விற்கும் கிளீனர் கொஞ்சமாக. துணியை மேலும் கீழுமாக நேர்க்கோட்டில் ஓட்டு, வட்டமாகச் சுற்றாதே.

முதல் சார்ட்டி 7 மணிக்கு. மிச்சத்தை மாலையில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, மாலை

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். அமோனியாவை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட்டேன். "அமோனியா இல்லாத ஸ்ப்ரே என்றால் பரவாயில்லையா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, அதுவும் கூடாது. செஸ்னா 172-இன் கையேட்டில் பராமரிப்பு அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பெட்ரோல், பென்சின், ஆல்கஹால், அசிட்டோன், தீயணைப்பான் திரவம், பனி நீக்கும் திரவம், லாக்கர் தின்னர், கண்ணாடி கிளீனர் எல்லாம் ஒரே தடைப் பட்டியலில் இருக்கின்றன. கண்ணாடிக்கென்று விற்கும் ஸ்ப்ரேக்களில் ஆல்கஹால் சகஜம். ஆகவே லேபிளில் அமோனியா இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அக்ரிலிக்குக்கு என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது பெட்ரோல், கவனித்தீர்களா? 172-க்கு இறக்கை மேலே, டேங்க் அதற்குள்ளே. எரிபொருள் நிரப்புகிறவர் ஹோஸை இறக்கைக்கு மேலே இழுக்கும்போது நாசிலிலிருந்து நாலு சொட்டு முன்கண்ணாடியில் விழும். நீல நிற ஆவ்கேஸ், அதாவது விமானப் பெட்ரோல், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். "ஆவியாகிப் போய்விடும்" என்று விட்டுவிடுகிறார்கள். போகத்தான் செய்யும், போவதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போகும். உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பிப்ரவரி 6

"ஏன் வட்டமாகத் துடைக்கக் கூடாது, அப்படி என்ன சாஸ்திரம்?" என்று ஒரு நண்பர்.

சாஸ்திரம் இல்லை, வெயில். எவ்வளவு பார்த்துத் துடைத்தாலும் நுண்ணிய கீறல் விழத்தான் செய்யும். வட்டமாக விழுந்த கீறலில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் அதைத் திருப்பிக் கண்ணுக்கு அனுப்ப ஒரு துண்டு வளைவு தயாராக இருக்கும். அதனால் சூரியனைச் சுற்றி சிலந்திவலை மாதிரி ஒரு வளையம் தெரியும். புது எவர்சில்வர் தட்டைச் சபீனா போட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டு டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள், அதே வலை. நேர்க்கோட்டுக் கீறல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் மின்னும்.

பிப்ரவரி 6, இரவு

கிரேஸிங் என்றால் என்னவென்று சொன்னேன், எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை.

பல வருடம் முன்னால், பராமரிப்பு முடிந்த ஒரு 172-ஐச் சரிபார்க்கும் பறத்தலில் பயிற்றுநரோடு வலது சீட்டில் உட்கார்ந்து போனேன். திரும்பும்போது மாலை 5.45 இருக்கும். ஓடுபாதை 27, நேர் மேற்கு. ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறக்கும் பேஸ் லெக்கில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஓடுபாதைக்கு நேராக இறங்கும் பைனலுக்குத் திரும்பிச் சூரியன் நேர் எதிரே வந்த நொடியில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. மூடுபனி மாதிரி மங்கல் இல்லை. ஆயிரக்கணக்கான வெள்ளி நூல்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லாதவை, எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. ஓடுபாதை எங்கே என்று தெரியவில்லை. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் தலையை இடது ஓரத்துக்குச் சாய்த்து, கதவுத் தூணை ஒட்டிக் கை அகலத்துக்குத் தெளிவாக இருந்த இடத்தின் வழியே பார்த்து இறக்கினார். சக்கரம் தொடும்வரை நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.

அன்று காலையில் ஹேங்கருக்குள் அதே முன்கண்ணாடியை நான்தான் துடைத்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு நூல்கூடத் தெரியவில்லை.

விசாரித்ததில், யாரோ ஸ்டிக்கர் கோந்தை எடுக்கத் தின்னர் துணியை உபயோகித்திருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. அந்த முன்கண்ணாடியை மாற்ற வேண்டியதாயிற்று.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஹேங்கர் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடியின் ஓரத்தில் சாய்வாகப் பிடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பேன். பகலில் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. கேள்வி கேட்ட தம்பி, நீ நீல ஸ்ப்ரே அடித்த அந்தக் கண்ணாடியை இன்றே இப்படிப் பார்த்துவிடு. ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். எது தெரிந்தாலும் ஹேங்கர் அண்ணனிடம் மறைக்காமல் சொல்.

பிப்ரவரி 8

போர் தண்ணீர்!

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். "நிறையத் தண்ணீர் ஊற்று" என்று சொன்னேன், எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் போர் தண்ணீரில் டீ போட்டால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அதே உப்பு கண்ணாடியிலும் படியும். வெயிலில் கழுவித் தானாகக் காயவிட்டால் பொட்டுப் பொட்டாக வெள்ளைக் கறை. அதை மறுநாள் காலையில் உலர்ந்த துணியால் தேய்ப்பார்கள். அது இன்னொரு உப்புத்தாள்.

கழுவுவதற்கு போர் தண்ணீர் ஊற்றினாலும், கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கேன் வைத்துக்கொள்ளுங்கள். காயும்வரை காத்திருக்காமல் ஷாமியால் ஒற்றிவிடுங்கள்.

பிப்ரவரி 9

துணி பற்றி ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள்.

நம் பக்கம் ஒர்க்ஷாப் என்றால் பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும், மலிவு, எண்ணெயை நன்றாக உறிஞ்சும். இன்ஜின் பக்கத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. முன்கண்ணாடிக்கு மட்டும் அது ஆகாது. ஒரு பிடி எடுத்துப் பிரித்துப் பாருங்கள். தையல் மடிப்பு, நைலான் நூல், லேபிள், சில சமயம் பட்டன். அது போதாதென்று மூட்டை கிடப்பது தரையில், பக்கத்தில் துளை போட்ட அலுமினியச் சீவல்.

நான் உபயோகிப்பது காட்டன் ஃப்ளானல். அது இல்லாவிட்டால் பல தடவை துவைத்து நைந்த வேட்டி, கரையை வெட்டி எடுத்துவிட்டு. மைக்ரோஃபைபரும் நல்லதுதான், ஆனால் அதன் பலமே அதன் ஆபத்து. தூசியைப் பிடித்தால் விடாது. ஒரு தடவை தரையில் விழுந்த மைக்ரோஃபைபர் மறுபடி அக்ரிலிக்கைத் தொடக் கூடாது. டயர் துடைக்கப் போகட்டும். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்கும் திரவம் எதுவும் போடாதீர்கள், கண்ணாடியில் பிசுக்கு இழுக்கும்.

உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவே கூடாது. கீறல் ஒரு காரணம். இன்னொன்று, பிளாஸ்டிக்கை உலரத் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். சின்ன வயதில் ஸ்கேலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கியிருப்போமே, அதேதான். துடைத்து முடித்த கையோடு ஹேங்கர் தூசி முழுவதையும் கண்ணாடி தானே இழுத்துக்கொள்ளும்.

டிஷ்யூ பேப்பர் பற்றிக் கேட்டவருக்கு: செய்தித்தாள் மாதிரி அதுவும் மரநார்தான். வேண்டாம்.

பிப்ரவரி 11

ஒரு பெரியவர், விமானப் பராமரிப்பில் என்னைவிட மிகவும் மூத்தவர், எழுதியிருக்கிறார்: "நாங்கள் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க மண்ணெண்ணெய் தொட்ட துணிதான் உபயோகித்தோம், ஒன்றும் ஆகவில்லை." நேற்று அவசரத்தில் அது தப்பு என்று பதில் போட்டுவிட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும். கையேட்டை மறுபடி படித்தேன். விண்ட்ஷீல்டு கிளீனர் கிடைக்காத பட்சத்தில் எண்ணெய், கிரீஸ் எடுக்க ஸ்டாடர்ட் சால்வென்ட் தொட்ட மெல்லிய துணியை அதுவே அனுமதிக்கிறது. அது பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் இருக்கும் ஒரு வடிப்பு, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம். உங்கள் கை அனுபவம் சரியான பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

இளையவர்களுக்கு ஒன்று. இதைப் படித்துவிட்டுப் பெயின்ட் கடையில் திறந்த டின்னிலிருந்து ஊற்றித் தரும் டர்பன்டைனை வாங்கி வராதீர்கள். அதில் தின்னர் கலந்திருக்கிறதா என்று வாங்குகிற நமக்குத் தெரியாது. சால்வென்ட் தொட்ட பிறகு சோப்புத் தண்ணீரும் நிறைய அலசலும் கட்டாயம். இதையும் அதே கையேடு சொல்கிறது.

பிப்ரவரி 12

ஆல்கஹால் என்றதும் 2020 ஞாபகத்துக்கு வருகிறது. கொரோனா ஊரடங்கு தளர்ந்து பயிற்சி மறுபடி தொடங்கியபோது ஒவ்வொரு சார்ட்டிக்கும் நடுவே காக்பிட் முழுவதும் சானிடைசர். கன்ட்ரோல் யோக், ஹெட்செட், கதவுப் பிடி, அத்தோடு நிற்காமல் பக்கக் கண்ணாடியின் உள்பக்கமும். எல்லோரும் பயத்தில் இருந்தோம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆறேழு மாதத்தில் கதவு ஜன்னலின் கீழ் ஓரத்தில், ஸ்க்ரூ இருக்கும் இடத்தைச் சுற்றிக் கதிர் மாதிரி நூல் விரிசல். ஓரம், துளை, ஸ்க்ரூ இருக்கும் இடங்களில்தான் இழுப்பு அதிகம், அங்கேதான் முதலில் வெடித்தது. பிப்ரவரி 5 குறிப்பில் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

ஸ்க்ரூவை இறுக்குவதிலும் இதே கதைதான். சூட்டில் அக்ரிலிக் அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். அதற்கு இடம் விட்டுத்தான் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவார்கள். "நன்றாக இறுக்கினேன் சார்" என்று பெருமையாகச் சொல்லும் புதுப் பையனிடம் அரைச் சுற்று தளர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 14

இன்று கொஞ்சம் வழி விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940-இல் பிரிட்டன் வான்போரில் கார்டன் கிளீவர் என்ற ஹரிகேன் ரகப் போர் விமானி சுடப்பட்டார். உடைந்த விதானத்தின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் அவருடைய கண்ணுக்குள் போய்விட்டன. அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவரும் ஒருவர். கண்ணுக்குள் தங்கிய அந்தச் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்காமல் சும்மா இருந்ததை ரிட்லி கவனித்தார். அப்படியானால் இதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைத்தார். இன்றைய கண்புரை லென்ஸுக்கு அதுதான் தொடக்கம்.

என் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் ஆனது. கையில் கொடுத்த அட்டையில் லென்ஸ் விவரம் இருந்தது: பி.எம்.எம்.ஏ. அக்ரிலிக்கின் முழுப்பெயரின் சுருக்கம் அது, பாலி மீதைல் மெதக்ரிலேட். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றித் தடவிக் கொடுக்கும் பொருள்தான் அம்மாவின் கண்ணுக்குள்ளும் இருக்கிறது. வெளிநாட்டு லென்ஸின் விலை நம் மக்களுக்குக் கட்டாது என்றுதான் 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தது. மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா என் சட்டையைப் பார்த்து, "காலர்ல இவ்வளவு எண்ணெய்க் கறையா?" என்றார். முன்பெல்லாம் அது அவருக்குத் தெரிந்ததில்லை.

பிப்ரவரி 15

வழிக்கு வருவோம். விழுந்த கீறலை எடுக்க முடியுமா என்று மூன்று பேர்.

முடியும், ஓரளவுக்கு. நகத்தால் குறுக்கே இழுத்தால் மாட்டாத கீறலுக்கு, அக்ரிலிக்குக்கான மெழுகு மெல்லிசாகப் பூசி ஃப்ளானலால் கையால் மெருகேற்றினாலே போதும், நிரம்பிவிடும். நகம் மாட்டினால் மைக்ரோமெஷ் மாதிரி தேய்ப்புத் தாள் வரிசை. 1500-இல் தொடங்கி 12000 வரை ஏறும், எப்போதும் தண்ணீரோடு, ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்கே மாற்றி. முந்தின தாளின் கோடுகள் முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்த தாள். விரிசல் என்றால் தொடவே வேண்டாம், உரிமம் உள்ள இன்ஜினியரிடம் போகட்டும்.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விமானியின் கண்ணுக்கு நேராக இருந்த ஒரு கீறலை விரலால் அழுத்தி அழுத்தி, அந்த ஒரே இடத்தில் தேய்த்து எடுத்தேன். கீறல் போய்விட்டது. மறுநாள் பயிற்றுநர் வந்து, "ஓடுபாதை விளக்கு ஒரு இடத்தில் வளைந்து தெரிகிறது" என்றார். கீறலைச் சுற்றிக் குழி விழுந்து, அந்த இடமே ஒரு லென்ஸ் ஆகிவிட்டது. இறங்குகிற உயரத்தைக் கண்ணால் கணிக்கிற இடம் அது. கீறல் இருந்தபோது ஒரு கோடுதான் குறுக்கே நின்றது. நான் சரி செய்த பிறகு ஓடுபாதையே இடம் மாறித் தெரிந்தது. தேய்ப்பதானால் அகலமாக, ஓரத்தில் மெல்ல மெல்லக் கரைகிற மாதிரி தேய்க்க வேண்டும். கண்ணுக்கு நேரான பகுதியில் கூடுமானவரை தேய்க்கவே வேண்டாம். முடித்ததும் உள்ளே உட்கார்ந்து, தூரத்தில் உள்ள ஒரு கம்பத்தையோ கட்டட விளிம்பையோ பார்த்தபடி தலையை மெதுவாக அசைத்துப் பாருங்கள். கோடு நெளிந்தால் குழி இருக்கிறது.

பிப்ரவரி 17

"கவர் போட்டு மூடிவிட்டால் துடைக்கும் வேலையே குறையுமே?" குறையாது. கேன்வாஸ் கவருக்கு அடியில் தூசி புகுந்து, காற்றில் கவர் படபடவென்று அடித்தால் இரவு முழுக்க யாரோ உட்கார்ந்து தேய்த்த மாதிரிதான். பனிமழை எதிர்பார்த்தால் ஒழியக் கேன்வாஸ் கவர் போடாதே என்றுதான் கையேடும் சொல்கிறது. நம் ஊரில் பனிமழைக்கு எங்கே போவது? போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் உள்பக்கம் மெத்தென்று இருக்கும், உடம்போடு இறுக்கிக் கட்டக்கூடிய கவர், அதுவும் கண்ணாடியைக் கழுவிய பிறகு. ஹேங்கருக்குள் தள்ளுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

உள்ளே வைக்கும் வெள்ளித்தாள் திரையை அக்ரிலிக்கோடு ஒட்ட வைக்காதீர்கள். நடுவில் சூடு சிக்கிக்கொள்ளும்.

பெயின்ட் உரிக்கும் வேலை நடக்கும் நாளில் கண்ணாடியை அலுமினியத் தாளும் டேப்பும் போட்டு ஓரம் விடாமல் மூடுங்கள். ரிமூவரின் ஒரு சொட்டு போதும், ஒரு முன்கண்ணாடி காலி.

பிப்ரவரி 18

பெரிய விமானங்களைப் பற்றிக் கேட்டவருக்கு. போயிங் 737 மாதிரியான ஜெட்டின் காக்பிட் முன்கண்ணாடி நிஜமாகவே கண்ணாடிதான். அடுக்கடுக்காகக் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் படலம், உள்ளே சூடேற்றும் மெல்லிய பூச்சு. அதற்கான கிளீனர், முறை எல்லாம் அந்தந்த விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் இருக்கும், 172-க்குச் சொன்னதை அங்கே பொருத்தாதீர்கள். பயணிகள் ஜன்னல் மட்டும் அக்ரிலிக்.

ஆனால் தூசிக்கு முன்னால் கண்ணாடியும் தோற்கும். 1982 ஜூன் 24 இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று ஜாவா அருகே கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் போய்விட்டது. நாலு இன்ஜினும் நின்றன. விமானத்தில் பயணிகள் 248 பேர், பணியாளர்கள் 15 பேர். வெகுதூரம் மிதந்து இறங்கிய பிறகு இன்ஜின்கள் மறுபடி உயிர் பெற்றன. ஜகார்த்தாவை நெருங்கும்போது அடுத்த சோதனை: முன்கண்ணாடி முழுக்கச் சாம்பல் உராய்ந்து பால் மாதிரி ஆகிவிட்டது. கேப்டன் எரிக் மூடியும் மற்றவர்களும் ஓரத்தில் உராயாமல் தப்பியிருந்த ஒரு குறுகிய பட்டை வழியே எட்டிப் பார்த்துத்தான் இறக்கினார்கள். எல்லோரும் பிழைத்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பயிற்றுநர் இடது ஓரத்துக்குத் தலை சாய்த்ததுதான் கண்ணில் வரும். அங்கே எரிமலை செய்ததை இங்கே ஒரு தின்னர் துணி செய்தது.

பிப்ரவரி 20

கேள்வி கேட்ட தம்பிக்கு, நீ விமானி என்ற முறையில் ஒன்று.

ஒரு பூச்சிப் பொட்டு இருந்தால் என்ன, சுற்றிப் பார்த்துக்கொள்ளலாமே என்று நீ நினைக்கலாம். உன்னோடு மோதும் பாதையில் வரும் இன்னொரு விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் சின்னப் பொட்டாக நின்று, கடைசி சில நொடிகளில் மட்டும் பெரிதாகும். பூச்சிப் பொட்டும் நகராது. பத்துப் பொட்டு இருக்கும் கண்ணாடியில் பதினோராவதைக் கண் கண்டுபிடிக்காது.

இன்னொன்றும் உண்டு. கொசுவலை ஜன்னல் வழியே தூரத்துப் பலகையைப் படிக்க முயன்றிருப்பாய். கண் வலையைப் பிடித்துக்கொள்ளும், பலகை மங்கும். இதற்கு மாண்டல்பாம் விளைவு என்று பெயர். அழுக்கான முன்கண்ணாடியும் உன் பார்வையைத் தன்னிடமே இழுத்து வைத்துக்கொள்ளும். கழுவ நேரம் இல்லை என்று தோன்றும் காலையில் இதை நினைத்துக்கொள்.

பிப்ரவரி 21

பத்து நிமிடம் ஊற வை என்று முதலில் எழுதினேன். நேற்று மாலை மழைக்கு முன்னால் ஈசல் கூட்டத்துக்குள் போய் வந்த ஒரு விமானத்தை இன்று காலை கழுவினேன். இரவெல்லாம் காய்ந்து கிடந்தது. பத்து நிமிடத்தில் அசையவில்லை. துணியை மறுபடி நனைத்துப் போட்டு மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடிகாரம் பார்க்காதீர்கள், துணியைத் தூக்கிப் பாருங்கள். வரவில்லை என்றால் நகத்தை வைக்காமல் மறுபடி நனையுங்கள். பறவை எச்சத்துக்கும் இதேதான். இன்னும் நல்லது, இறங்கிய உடனே ஈரத்துணி போடுவது.

பிப்ரவரி 25, ஞாயிறு

தம்பி போட்டோ அனுப்பியிருக்கிறான். டார்ச் வைத்துப் பார்த்ததில் நூல் எதுவும் தெரியவில்லையாம், ஹேங்கர் அண்ணனும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். நல்லது. போட்டோவில் நிழல், வாளி, கண்ணாடியின் மேல் போர்த்திய ஈரத்துணி எல்லாம் இருக்கிறது. பக்கத்துத் திண்டில் கைக்குட்டையை விரித்து வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி வைத்திருக்கிறாய். பார்த்தேன்.